முதுகு வலிக்காத சைக்கிள்

“தள்ளுங்க! தள்ளுங்க! பிரேக் இல்லை!”

பசுந்தாங் சந்தைத் தெருவில் பறந்துகொண்டிருந்தார் பொன்னுத்துரை. வயது அறுபத்துமூன்று. கைலியின் நுனி சைக்கிள் சங்கிலிக்குள் அங்குலம் அங்குலமாகப் போய்க்கொண்டிருந்தது. மொகிங்கா என்னும் பர்மிய மீன் நூடுல்ஸ் விற்கும் கடை பெஞ்சில் மோதி நின்றபோது, முழங்கால் வரைதான் மிச்சம்.

பின்னாலேயே ஓடிவந்தான் சைக்கிள் கடை காஜா மைதீன்.

“பிரேக் நல்லாத்தாண்ணே இருக்கு. நீங்க பெல்லையில்ல அமுக்கினீங்க!”

“வேற வண்டி காட்டு. நாளைக்குக் காலைல செல்லையா கோஷ்டி சைக்கிள்லயே மிங்கலாடோனுக்குக் கிளம்புது. பாதி ஜல்லி ரோடு. ‘உனக்கு முதுகு தாங்காது, நீ பஸ்ல வா தாத்தா’ங்கிறான். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன்!”

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“நீலாம்பாள்கிட்டயா? ‘இந்த வயசுல சைக்கிளைத் தொட்டா வீட்ல சோறு கிடையாது’ன்னுட்டா. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

காஜா இருமினான்.

அடுத்த வண்டிக்கு வளைந்த கைப்பிடி. குனிந்தார். மூக்கு முன் டயரை முகர்ந்தது. முதுகு ‘களுக்’ என்றது.

“கைப்பிடியை உசத்து!”

உயர்த்தினான். முதுகு நிமிர்ந்தது, மொத்த எடையும் சீட்டில் இறங்கியது. சீட்டோ அரிவாள்மணை.

“சீட்டை மாத்து!”

மெத்தை சீட்டு வந்தது. கால் தரையை எட்டவில்லை. இறங்கப் பார்த்தார், நடுக்கம்பி கைலியை விடவில்லை. வண்டியும் அவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

“அப்படியே இருங்க, தைலம் எடுத்துட்டு வரேன்” என்று காஜா உள்ளே ஓடினான்.

அப்போதுதான் சுவரோரம் அதைப் பார்த்தார். நீல நிறம். பருத்த டயர், அகலமான சீட்டு, நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடி. நடுக்கம்பியே இல்லை!

ஏறினார். ஜல்லி, பள்ளம், சாக்கடை மூடி எல்லாம் வெண்ணெயாய் வழுக்கின. புத்தர் கோயில் வரை போனார். திரும்பினார். மறுபடி போனார். விசிலடித்தார்.

அரைமணி கழித்து வந்து இறங்கியவரைப் பார்த்துத் தலையில் கைவைத்தான் காஜா.

“ஐயோ! ஒருத்தங்க பஞ்சர் ஒட்டக் குடுத்த வண்டிண்ணே அது! இப்பதான் ஒட்டி வச்சேன்! வந்து தேடிப் பார்த்துட்டு, என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டு நடந்தே போயாச்சு!”

“இதை விடமாட்டேன் காஜா! யாருடா அந்த ஆளு? கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கிக்கிறேன். எங்க இருக்கான், சொல்லு!”

“உங்க வீட்டு அடுப்படியில. உங்களுக்குத் தெரியாம ரெண்டு வருஷமா அக்கா மார்க்கெட்டுக்கு ஓட்டுற வண்டிண்ணே இது.”