டி டிரைவ் லோரெய்னுடையது

"டிஸ்கில் இடமில்லை" என்றது கம்ப்யூட்டர். கடிதம் சேமிக்கப்படவில்லை.

வெர்னன் ஹாகன் கடிகாரத்தைப் பார்த்தான். சனிக்கிழமை காலை ஒன்பது. பன்னிரண்டு மணிக்கு மனைவி லோரெய்ன் வருகிறாள், தன் டி டிரைவில் இருப்பதை எடுத்துக்கொள்ள.

மூன்று மாதங்களுக்கு முன்பு அவள் பாலத்தைக் கடந்து, அக்கரை ஊரான சுப்பீரியரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். துணிமணியும் பூனையும் அவளோடு போயின. கம்ப்யூட்டர் டிஸ்கை இரண்டாகப் பிரித்தவளும் அவள்தான்: சி அவனுக்கு, டி அவளுக்கு. "டி என்னோடது. பத்திரமா வெச்சிரு. வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.

அந்த "வந்து" என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அவன் தங்கள் ஊரான துலூத்தின் குளிர்காலத்தை ஓட்டினான். டி என்ற எழுத்துப் பக்கம் கண்ணைக்கூடக் கொண்டுபோனதில்லை.

இது அவளுக்கு எழுதும் நாற்பத்தொன்றாவது கடிதம். எதையும் அனுப்பவில்லை. ஹீட்டரைச் சரிசெய்தது, ஏரியில் பனி கெட்டியானது என எல்லாம் எழுதியிருந்தான். திரும்பி வா என்பது மட்டும் எதிலும் வரவில்லை. இன்று அதையும் எழுதி, அச்சடித்து, கையில் கொடுத்துவிட வேண்டும்.

கோர்டிக்கு போன் போட்டான். பள்ளிப் பேருந்துப் பட்டறையில் வெர்னன் மெக்கானிக், கோர்டி உதிரிபாகம் கொடுப்பவன்.

"டிஸ்க் பூரா மீன் பிடிக்கிற மேப்பா ரொப்பி வெச்சா எப்படிடா இடம் இருக்கும்? அழி."

"மேப் வேணும். கடிதமும் வேணும்."

"அப்போ ஃபார்மட்டை மாத்து. உன்னோடது பழைய ஃபேட் பதினாறு. ரெண்டு வரிக் கடிதாசிக்கும் பெரிய இடமா ஒதுக்கிடும். ஒரே ஒரு பிள்ளைய ஏத்திக்கிட்டு எழுபது சீட்டு பஸ் போற மாதிரி. ஃபேட் முப்பத்திரண்டுக்கு மாத்தினா எல்லாம் சின்ன வேன்."

"டி?"

"அதை யாரு தொட்டா? சியை மட்டும் மாத்து."

மாற்றத் தொடங்கினான். திரை கறுத்தது. இருபது நிமிடம் அசையவில்லை. பதினெட்டு வருடமாக, மக்கர் செய்யும் எஞ்சினை அவன் அணைத்துத்தான் மறுபடி கிளப்புவான். அதையே செய்தான். கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. மறுபடி கோர்டியைக் கூப்பிட்டான்.

"நடுவுலயா அணைச்ச?" கோர்டி எதையோ மென்றுகொண்டிருந்தான். "ஆபரேஷன் நடுவுல ஆளை எழுப்பி நடக்கச் சொல்லியிருக்கே."

"டியைக் காப்பாத்த வழி சொல்லு."

"பழைய ஸ்டார்ட்டப் ஃப்ளாப்பி இருக்குல்ல? அதைப் போட்டுக் கிளப்பி, சியை ஃபார்மட் பண்ணு. உன் கடிதாசி எல்லாம் போயிடும். டி பிழைச்சுக்கும்."

வெர்னன் இழுப்பறையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தான்.

"போகட்டும்" என்றான்.

ஃபார்மட் ஒரு கேள்வி கேட்டது. டிஸ்கின் பெயரைச் சரியாக அடித்தால்தான் அழிக்குமாம்.

"நான் பேரே வைக்கலையே, கோர்டி."

"கடைக்காரன் வெச்சிருப்பான். வி, ஓ, எல் அடி, காட்டும். பார்த்து அப்படியே அடி."

பெயர் வந்தது, ஆங்கிலத்தில். இடைவெளிகளோடு சேர்த்துப் பதினோரு இடம். எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்வதுபோலவே, பட்டறைச் சீட்டின் பின்பக்கம் ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டான். எஞ்சின் எண்ணை யாரும் வாசிப்பதில்லை; சரிபார்ப்பதோடு சரி. ஒரு விரலால் அடித்தான். அழிக்கலாமா என்றது. அழிக்கலாம் என்றான். நூறு சதவீதம்.

"முடிஞ்சுதா? இப்ப டியைப் பாரு."

"அப்படி ஒரு டிரைவே இல்லைங்குது."

மெல்லும் சத்தம் நின்றது.

அந்த ஃப்ளாப்பி பழசு. புதிய ஃபார்மட்டுக்கு மாறிய பகுதி அதன் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற முதல் பகுதிக்கே சி என்ற எழுத்தைக் கொடுத்துவிடும். சி என்று நினைத்து அவன் அழித்தது டியைத்தான். இது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"வெர்ன்," கோர்டி குரலைத் தாழ்த்தினான், "அவ வர்றப்போ நீ வீட்ல இருக்கணும்னு கட்டாயமா?"

பன்னிரண்டு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. லோரெய்ன் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மார்லிஸ் மட்டும் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"அவளோட டியை அழிச்சிட்டேன், மார்லிஸ். தெரியாம. அவ வெச்சிருந்தது எல்லாம் போச்சு." சீட்டை நீட்டினான். "இதை அடிச்சுத்தான் அழிச்சேன். இது ஒண்ணுதான் மிச்சம்."

மார்லிஸ் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துகளை விரலால் மேலிருந்து கீழாகக் கூட்டி வாசித்தாள். வெளியே காரைப் பார்த்தாள். பிறகு அவனை.

"அதுல ஒரு ஃபைல்கூட கிடையாது, வெர்ன், மூணு மாசமா இருந்தது இந்தப் பேர் மட்டும்தான்: 'என்னை வீட்டுக்குக் கூப்பிடு'."