ஹாசனுக்குப் போன கறுப்பு எள்

சரஸ்வதிபுரம், மைசூர்
சங்கராந்தி கழிந்த இரண்டாம் திங்கட்கிழமை

மரியாதைக்குரிய நாகவேணி அக்காவின் பாதங்களில் தம்பி கேசவமூர்த்தி விழுந்து எழுதிக்கொள்வது. (முழங்கால் பிடித்திருப்பதால் மனத்தால் மட்டும் விழுந்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளவும்.) நீயும் பாவாவும் பிள்ளைகளும் ஹாசனில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஆயுசெல்லாம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பொய் எழுதக் கை வராது. நான் சௌக்கியமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

சங்கராந்திக்கு நான் அனுப்பிய எள்ளு வெல்லப் பொட்டலம் உன் கைக்கு வந்ததிலிருந்து நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தடவை போன் செய்தபோது பாவா எடுத்தார். "அக்காகிட்ட குடுங்க பாவா" என்றேன். "அவ பேசற நிலைமையில இல்லப்பா கேசவா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் உன் மருமகள் சுமித்ரா எடுத்தாள். "அத்தை வாயையே திறக்க மாட்டேங்கறாங்க மாமா. உங்க பொட்டலம் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். முந்தானையால வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றாள். "என்மேல கோபமாம்மா?" என்று கேட்டேன். "நான் எதையும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு மாமா, மன்னிச்சிக்குங்க" என்றாள். அதற்குமேல் போன் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்கா, நான் ஒன்று கேட்கிறேன். வகுப்பிலே ஒரு பையன் பக்கத்துப் பையன் சட்டையில் மசியைக் கொட்டினால்கூட, பெஞ்சின்மேல் ஏற்றுவதற்கு முன்னால் "ஏண்டா செஞ்சே?" என்று ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கேள்வியைக்கூட நீ என்னைக் கேட்கவில்லையே! எள்ளு வெல்லத்தைத் தின்னு, நல்ல வார்த்தை பேசு என்று ஊரே சொல்லிக்கொள்ளும் பண்டிகையில், எள்ளு வெல்லத்தை வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? நீ கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன். முழுவதையும் படி. படித்த பிறகு யார்மேல் கோபப்படுவது என்று நீயே முடிவு செய். என் அபிப்பிராயத்தில் அது உன் தம்பி பெண்டாட்டி விமலாக்ஷிமேல்.

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் மகிளா சமாஜத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்து பேசினாள். சுலபமான வீட்டுச் சமையல், இயற்கையான சாப்பாடு என்பது தலைப்பு. இவள் போனாள். இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தவிட்டில் சத்து இருக்கிறது, தீட்டத் தீட்ட அது போய்விடும் என்று கரும்பலகையில் அரிசிப் படம் போட்டுக் காட்டியவன் நான். ஆனால் அந்தப் பெண் எப்படிச் சொன்னாளோ, இவள் காதில் எப்படி விழுந்ததோ, வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வெள்ளையா இருந்தா வெளியே." அன்று சாயங்காலமே சர்க்கரை போச்சு, மைதா போச்சு, வெள்ளை அரிசி போச்சு, பொடி உப்பு போச்சு. பல்பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள், பின்னாலேயே ஓடிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் நான் வெள்ளை வேட்டியோடு சமையலறைப் பக்கம் போகவே இல்லை.

காபியில் சர்க்கரைக்குப் பதில் கருவெல்லம். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். சொன்னேன். "நீங்க பாடம் எடுக்காதீங்க, குடிங்க" என்றாள். குடிக்க முடியாது அக்கா, அதை ஸ்பூனால்தான் சாப்பிட முடியும். ராத்திரி சோற்றுக்குப் பதில் ராகிக் களி. நம் வீட்டில் யார் எந்தக் காலத்தில் ராகிக் களி தின்றார்கள்? எனக்குத் தெரிந்தபடி வாயில் போட்டு மென்றேன். மேலண்ணமும் நாக்கும் ஒட்டிக்கொண்டன. இவள் அலறுகிறாள்: "ஐயோ, மெல்லாதீங்க! மண்டியாக்காரங்களைப் பாத்ததில்லையா? உருட்டி முழுங்கணும்!" நான் வாயைத் திறந்து, "நான் என்ன மலைப்பாம்பா?" என்று கேட்பதற்குள் ரேடியோவில் செய்தி முடிந்துவிட்டது.

சுலபமான சமையலாம்! யாருக்குச் சுலபம் என்று கேட்கிறேன். உருட்டாங்கல் மாதிரி இருக்கிற கருவெல்லத்தை உடைக்கிறவன் நான். சாமையில் கல் பொறுக்குகிறவன் நான். செக்கெண்ணெய்க்குத் தேவராஜ மார்க்கெட் பக்கம் கியூவில் நிற்கிறவன் நான். அவள் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடிவிட்டு, "பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!" என்கிறாள்.

இப்போது சங்கராந்திக்கு வருகிறேன். எள்ளு வெல்லத்துக்கு வருஷா வருஷம் வெள்ளை எள்தானே? இந்த வருஷம் வெள்ளை வெளியே ஆயிற்றே. "தோல் எடுக்காத எள் வாங்கிட்டு வாங்க, தோல்லதான் சத்து எல்லாம்" என்று பையைக் கொடுத்து அனுப்பினாள். கடையில் தோல் எடுக்காத எள் இரண்டு விதம் இருந்தது. ஒன்று மங்கலான பழுப்பு, ஒன்று நல்ல கறுப்பு. நான் யோசித்தேன். உதாரணத்துக்குக் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள். வெள்ளைக் கடலையைவிடக் கறுப்புக் கடலைக்குத் தோல் தடிப்பு, சத்தும் கூட. உளுந்தை எடுத்துக்கொள். தோலோடு இருந்தால் கறுப்பு. ஆகவே எள்ளிலும் கறுப்பாக இருப்பதுதான் அதிக இயற்கை. இந்தத் தர்க்கத்தில் எங்கே பிழை? ஒரு பிழையும் இல்லை. வாங்கிக்கொண்டு வந்தேன். இவள் பையைப் பிரித்துப் பார்த்து, "இதென்ன, இவ்வளவு கறுப்பா இருக்கு?" என்றாள். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டது யார் தப்பு?

பொட்டலம் கட்ட பிளாஸ்டிக் கூடாது என்று ஆணை. முத்துக இலையில் தைத்த தொன்னை வாங்கினோம். கட்ட ரப்பர் பேண்டும் கூடாது. தோட்டக்காரர் காய வைத்திருந்த நீளப் புல்லை நனைத்து அதனால் முடிந்தாள். எள்ளு வெல்லத்தோடு வருஷா வருஷம் வைக்கிற சர்க்கரை அச்சு, கேட்கவே வேண்டாம், வெள்ளைக்குள் வெள்ளை. குதிரையும் இல்லை, மீனும் இல்லை, துளசி மாடமும் இல்லை. அதற்குப் பதிலாக ராகி மாவை வறுத்து, கருவெல்லப் பாகில் போட்டு, கைப்பிடி கைப்பிடியாக உருண்டை பிடித்து, அதன்மேல் மிச்சமிருந்த எள்ளைத் தூவினாள். பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. அது சுலபமான சமையலில் சேர்ந்ததுதான் என்றாள்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார் அக்கா. இலைத் தொன்னை. காய்ந்த புல். கறுப்பு எள். நடுவில் ஓர் உருண்டை.

நான் நினைத்துப் பார்க்கவில்லை! காரணம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். தொன்னை என்ற அளவில் தொன்னை சரி. புல் என்ற அளவில் புல் சரி. எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டு ஹனுமந்தராவ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டிவிட்டார், போன மாசம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். வாசலில் நின்று சிரித்த முகத்தோடு நீட்டினேன். வாங்கினார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"மேஷ்ட்ரே," என்றார் நிதானமாக, "நான் இன்னும் இருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. "இருக்கணும் சார், நூறு வருஷம் இருக்கணும்" என்றேன்.

"பின்ன ஏன்யா அவசரம்? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. அவங்க போடுவாங்க. நீங்க ஏன் முந்திக்கிட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பண்டிகை நாள், வயசான மனுஷன், அவர் கையிலே நான் பிண்டத்தையும் திலத்தையும் தர்ப்பையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்! நான் சமாதானம் சொல்லச் சொல்ல அவர் அந்த உருண்டையை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். ஒரு காக்கா வந்தது. ஒரு கொத்து கொத்தியது. உருண்டை அசையவில்லை. இன்னொரு கொத்து. உருண்டை உருண்டு கீழே என் ஸ்கூட்டர் கொட்டகைத் தகரத்தில் விழுந்து டணார் என்றது. காக்கா பறந்துவிட்டது.

"பாத்தீங்களா, காக்கா எடுக்கல" என்றார் ஹனுமந்தராவ். "அப்படின்னா எனக்கு ஏதோ ஆசை பாக்கி இருக்கு."

"என்ன ஆசை சார்? சொல்லுங்க, இப்பவே செய்யறேன்."

"வெள்ளைச் சர்க்கரையில அச்சு. குதிரை அச்சு. ரெண்டு."

கடைக்கு ஓடி வாங்கிக்கொண்டு வந்து, விமலாக்ஷி கண்ணில் படாமல் சுவருக்கு மேலால் கொடுத்தேன். மனுஷன் ஒரு குதிரையின் தலையைக் கடித்துக்கொண்டே, "இப்ப நல்ல வார்த்தை பேசலாம்" என்றார். அவரே மன்னித்துவிட்டார், அக்கா! ரத்த சம்பந்தம் இல்லாதவர்!

மற்ற வீடுகளுக்குப் போகவிருந்த பொட்டலங்களை எல்லாம் நிறுத்திவிட்டேன். உன்னுடையதை மட்டும் நிறுத்த முடியவில்லை. காலையிலேயே ஹாசன் பஸ்ஸில் கொடுத்தாயிற்று. அதில் இரண்டு தொன்னை. உனக்கு ஒன்று, பாவாவுக்கு ஒன்று. நீ அதைப் பிரித்தபோது உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நான் படுகிற பாட்டை நான்தான் அறிவேன்.

இருந்தாலும் கேட்கிறேன். எழுபது வயசுத் தம்பி, உன்னைத் தவிர மூத்தவர் என்று யாரும் இல்லாதவன், உனக்குப் பிண்டம் அனுப்புவானா? ஒரு நிமிஷமாவது அப்படி நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு ரதசப்தமிக்கும் நீ முதல் நாளே வந்துவிடுவாய். விடியற்காலையில் என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, என் தலையில் எருக்க இலையை வைத்து, "அசையாதேடா கேசவா" என்று அதட்டித் தண்ணி ஊத்துவே. இப்போ ரதசப்தமி வருது. நீ வரலைன்னா என் தலையில யார் இலை வைப்பா? நானே வச்சுக்கிட்டா அது எருக்க இலை, அவ்வளவுதான். "அசையாதேடா"ன்னு சொல்ல ஆள் வேணும் அக்கா.

இதை எழுதும்போது விமலாக்ஷி தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "எள்ளு வாங்கினது யாரு, அதைத் தெளிவா எழுதுங்க" என்கிறாள். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன். வாங்கியது கை. வாங்கச் சொன்னது வாய். குற்றம் வாயைச் சேர்ந்தது. "அப்போ கடிதத்துக்குத் தபால் தலை வாங்கினதும் என் வாய்தானா?" என்கிறாள். இப்படிப்பட்டவளோடுதான் நான் குடித்தனம் செய்கிறேன்.

பாவாவுக்கு என் நமஸ்காரம். இரண்டாவது தொன்னைக்காக அவரிடம் தனியாக மன்னிப்பு. சுமித்ராவுக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம்; எல்லாரும் அவரவர் ஆயுசை முழுசாக இருந்து அனுபவிக்கட்டும். தீபாவளிக்குக் கட்டிக்கொண்ட புதுப் பல்செட்டு உனக்குப் பழகிவிட்டதா என்று கேட்க நினைத்திருந்தேன். பேசாதவளிடம் எப்படிக் கேட்பது?

கோபத்தோடும், அதைவிடக் கொஞ்சம் அதிகமான அன்போடும்,
உன் தம்பி
கேசவமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாவா போன் செய்தார். உன் உத்தரவை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தொன்னையைப் பிரித்ததும் அவர், "என்னடி இது, பிண்டம் மாதிரி இருக்கு?" என்றாராமே. நீ, "இருந்தா என்ன? செத்தப்புறம் எனக்கு ருசியா தெரியப்போகுது? தம்பி அனுப்பினதை இப்பவே தின்னுடறேன்" என்று உருண்டையை ஒரே கடி கடித்தாயாமே. மேல்செட்டு உருண்டையிலேயே தங்கிவிட்டதாமே. பல் டாக்டர் புதன்கிழமைதான் திருப்பித் தருவாராம், பொக்கை வாயோடு தம்பியிடம் பேச உனக்கு வெட்கமாம். பாவா பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனைப் பிடுங்கி, "கேதவா, நான் வதேன், எதுக்க இலை பதிச்சு வை" என்று சொன்னாய். எழுபது வருஷத்தில் இதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் படிக்காதே. கிழித்துப் போட்டிருப்பேன், தபால் தலை ஒட்டியாகிவிட்டது. ஒரே ஒரு திருத்தம்: அந்த எள்ளும் வெல்லமும் உனக்கு ரொம்பப் பிடித்திருந்ததாகப் பாவா சொன்னார். கறுப்பு எள் முழுக்க முழுக்க என் யோசனை. விமலாக்ஷிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. பாகு முற்றியதுதான் அவளுடையது.