வரைபடத்தில் இடம் உண்டு

“வர்றீங்களா?” என்று மனைவி கேட்டபோது, அதிகாரி சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தை விரித்து வைத்து, அதன் பேஸ்மென்டில் பென்சில் முனையால் கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். தாள் சுருண்டுவிடாமல் ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, மூன்றாவதில் அவருடைய கண்ணாடிக் கூடு, நான்காவதில் அவளுடைய போன்.

“இருபத்தாறு, இருபத்தேழு. என்ன கேட்ட?”

“ஏரிப் பூங்காவுக்கு வர்றீங்களான்னு கேட்டேன்.”

“அடுத்த வாரம் பாக்கலாமே.”

“சரி. நான் போனை எடுத்துக்கறேன். கட்டடம் சுருண்டுக்கும், பிடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

‘அடுத்த வாரம்’ என்பது அதிகாரியின் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக நன்றாக உழைத்த சொல். கட்டட அனுமதி கேட்டு வருகிறவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் மறுபடி வந்து மறுபடி தலையாட்டுவார்கள். வாரங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. வீட்டில்தான் முதன்முறையாக வந்தது. அந்த வாரமே, வியாழக்கிழமை காலை, அவள் குளியலறை வாசலில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவசரம் முடிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்து, அவளுடைய கைப்பையில் வேறு எதையோ தேடும்போது அந்தச் சீட்டு கையில் கிடைத்தது. ஏரிப் பூங்கா, ஆண்டு நுழைவுச் சீட்டு, இருவர். ஓரத்தில் அவள் புகைப்படம். செல்லுபடியாகும் கடைசி நாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அவர் அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மச்சினனைக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்ப மாப்ள? பூங்காவுக்குப் போகணும்.”

மறுமுனையில் டிவியின் சத்தம் குறைந்தது. “யாரு போகணும்? நீங்களா?”

“சீட்டுல ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. அன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“மூணு மணிக்கு வர்றேன்,” என்றான் மச்சினன். தன் அக்கா எத்தனை வாரம் இந்த மனிதரைக் கூப்பிட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவர் எத்தனை வாரம் போனார் என்பதும் தெரியும். அந்தக் கணக்குக்கு விரல்கூட மடக்க வேண்டியதில்லை.

மச்சினன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். வேறு யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்து இருக்கையில் அவனுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் வந்து சேர்ந்ததும் சொன்ன முதல் வார்த்தையே புத்திசாலித்தனமாக இருந்தது. அதனாலேயே அது எடுபடவில்லை.

“பஸ்லயே போயிரலாம் அத்தான். அக்கா பஸ்லதான் போவா. அந்தப் பக்கம் வண்டி நிறுத்தவே முடியாது.”

“யாருகிட்ட சொல்ற? பூங்காவைச் சுத்தி இருக்கற அத்தனை கட்டடத்துக்கும் பிளான் பாத்து பாஸ் பண்ணவன் நான். எங்க எத்தனை கார் நிக்கும்னு எனக்கு மனப்பாடம்.”

“தாள்லயா, தரையிலயா?”

“ஏறு வண்டில.”

ஐந்தரை மணிக்கு மேல் பூங்காவுக்குள் யாரையும் விட மாட்டார்கள். அவர்கள் நாலே காலுக்கு அங்கே இருந்தார்கள். அங்கே என்றால் பூங்காவின் மதிலுக்கு வெளியே, நகரத்திலுள்ள மற்ற எல்லாக் குடும்பங்களின் கார்களுக்கும் நடுவில்.

பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில் அறுபது கார்கள் நிற்கலாம். வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. தற்சமயம் அங்கே ஒரு நீளமான கூடாரமும், அதற்குள் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியும், அதற்கு வெளியே ஊதினால் பெரிதாகும் ரப்பர் மாளிகை ஒன்றும் நின்றன. கார்களைத் தவிர எல்லாம் நின்றன. வாசலில் இருந்த காவலாளி இரண்டு விசில்களுக்கு நடுவில் பேசினார்.

“எடமில்ல சார். நேராப் போய்ட்டே இருங்க.”

“நேராப் போனா எங்க போகும்?”

“அது தெரியாது சார். நான் இந்த கேட்டுக்கு மட்டும்தான்.”

“இங்க கூடாரம் போட யாரு அனுமதி குடுத்தது?”

காவலாளி கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். தற்காலிக அனுமதி. வெயிலில் வெளுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அது அதிகாரி தினமும் காலையில் மைப்பெட்டியில் ஒற்றி எடுக்கும் முத்திரை.

“நல்ல மை அத்தான்,” என்றான் மச்சினன்.

“எதிர்ல ஜவுளிக் கடை இருக்கு. பேஸ்மென்ட்ல நாப்பது கார். நானே எண்ணிப் பாத்தது.”

கடைக்குப் பக்கவாட்டில் சரிவுப் பாதை பூமிக்குள் இறங்கியது. அதிகாரி சொந்த வீட்டுக்குள் நுழைகிறவரைப் போல இறக்கினார். மச்சினனின் கால் தரையை மிதித்தது. பாதி வழியில் இருட்டியது. விளக்கைப் போட்டதும், எதிரே வரிசை வரிசையாகச் சட்டைகள் தொங்குவது தெரிந்தது. ‘ஆண்கள் ரெடிமேட்’ என்ற பலகைக்குக் கீழே கழுத்தில் இஞ்சு டேப் போட்ட விற்பனையாளர், காரின் மூக்கு தன் முழங்காலுக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கண்ணாடி வழியாகக் குனிந்தார்.

“வாங்க சார். எந்த சைஸ் பாக்கறீங்க?”

“கார் நிறுத்தணும்.”

“காரா? அதெல்லாம் கடை திறந்த வருஷமே எடுத்தாச்சு சார். டிரையல் ரூம் வேணா அந்த மூலைல இருக்கு.”

“இங்க நாப்பது இருக்கணுமே.”

“இருக்கு சார். நாப்பது, நாப்பத்திரண்டு, நாப்பத்திநாலு, எல்லாமே இருக்கு.”

மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

திரும்புவதற்கு இடமில்லை. பின்னால் வருவதற்கும் இல்லை. அட்டைப் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று அவர்களுக்குப் பின்னால் இறங்கி வந்து வழியை அடைத்திருந்தது. அது பெட்டி பெட்டியாக மேலே போய், பிறகு வண்டியாக மேலே போகும் வரை காத்திருந்தார்கள். அப்புறம் மச்சினன் இறங்கி நின்று தொழிலில் இறங்கினான்.

“ஸ்டியரிங்கை ரைட்ல உடைங்க அத்தான். இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். போதும்னேன்.”

‘போதும்’ சுவரில் உராய்ந்து ஓர் அடி நீளத்துக்குப் பதிவானது.

“எங்கிட்ட லைசென்சுக்கு வந்திருந்தா இன்னொரு பதினஞ்சு கிளாஸ் வரச் சொல்லியிருப்பேன்,” என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறி உட்கார்ந்தபோது மணி நாலு ஐம்பது. “இப்பவாவது பஸ்…”

“பின் தெருவுல அடுக்குமாடி இருக்கு. விருந்தாளிங்க வண்டிக்குன்னே ஆறு இடம் விட்டிருக்கேன்.”

அடுக்குமாடியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். யார் வந்தாலும் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறவர்.

“எந்த வீட்டுக்கு?”

மச்சினன் ஒரு பொய்யைத் தயார் செய்வதற்குள் அதிகாரி உண்மையைச் சொல்லிவிட்டார். “வீட்டுக்கு இல்ல. இங்க விருந்தாளிங்க கார் ஆறு நிறுத்தலாம். பிளான்ல இருக்கு.”

“பிளான்ல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தானே.”

செயலாளர் எழுந்தார். கேட்டை அகலமாகத் திறந்து, காரை உள்ளே விட்டு, மறுபடி மூடி, தாழ்ப்பாளும் போட்டார். பிறகு இன்டர்காமை எடுத்தார்.

“எல்லாரும் கீழ வாங்க. கையெழுத்து கெடைச்சுட்டார்.”

ஒன்பது வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். சிலர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் யாரும் தங்கள் புகாரை மேலே வைத்துவிட்டு வரவில்லை. செயலாளர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

“மொதல்ல சார் வண்டிய நிறுத்தட்டும். அதுக்குத்தானே வந்திருக்கார். வாங்க சார், நீங்க விட்ட இடம், நீங்களே நிறுத்துங்க.”

அந்த ஆறு இடமும் இரண்டிரண்டு தூண்களுக்கு நடுவில் இருந்தன. வரைபடத்தில் தூண் என்பது சின்னக் கறுப்புக் கட்டம். பென்சில் முனைக்குக் கீழே மறைந்துபோகும். அதிகாரி காரை உள்ளே செலுத்தினார். கச்சிதமாகப் போனது. எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தார். கதவு நான்கு விரல் அளவு திறந்து, தூணில் தட்டி நின்றது. அந்தப் பக்கம் மச்சினனின் கதவும் அதே அளவுக்குத்தான் திறந்தது.

“கார் உள்ள போகும் சார். மனுஷன்தான் வெளிய வர முடியாது,” என்றார் செயலாளர், நிரூபணத்தின் கடைசி வரியை எழுதிய திருப்தியோடு. “எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்கள்லாம் டிக்கி வழியாத்தான் எறங்கணும். எங்க சம்பந்தி எறங்கினார். அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல.”

“எங்க வீட்டுக்கு அதுல லாபம்தான்,” என்றது இரண்டாவது மாடி. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு, ஏற்கெனவே எழுதித் தயாராக வைத்திருந்த மனுவை வாசித்தார்கள். ஜன்னல் வழியாக, பக்கம் பக்கமாக. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் படி, மொட்டை மாடிக் கதவு, திறக்காத ஜன்னல், மூடாத ஜன்னல். உள்ளே இருந்தபடியே அதிகாரி தலையாட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மனுவை முழுதாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுந்து போக வழியில்லாததால் அது சாத்தியமாயிற்று. மணி ஐந்து பத்து.

“எல்லாம் சரிதான். எனக்கு இப்ப அவசரமாப் போகணும். அடுத்த வாரம்…”

அவர் நிறுத்திக்கொண்டார். மச்சினன் நேராகத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வாங்க,” என்றார் அதிகாரி. “பத்து மணிக்கு இருப்பேன்.”

“எழுதிக் குடுங்க,” என்றார் கணக்கு வாத்தியார்.

மனுவின் பின்புறத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நான்கு விரல் இடைவெளி வழியாக நீட்டினார். செயலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். தேதி போட்டார். தாழ்ப்பாள் திறந்தது.

மணி ஐந்து இருபது. பூங்காத் தெருவில் கார்கள் நகர்வதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அதிகாரி சட்டைப்பையில் இருந்த சீட்டை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எறங்குங்க அத்தான்.”

“என்ன?”

“எறங்கிப் போங்க. நான் வண்டிய எடுத்துக்கறேன். சுத்திட்டே இருக்கேன், எடம் கெடைச்சா வர்றேன்.”

“ரெண்டு பேருன்னு போட்டிருக்கு மாப்ள. சேர்ந்து போனாத்தான்…”

“சேர்ந்து போறதப் பத்தி நீங்க பேசாதீங்க,” என்றான் மச்சினன். சொன்ன பிறகு அவனே குரலைத் தணித்துக்கொண்டான். “அக்கா சீட்டு வீணாப் போயிரும். ஓடுங்க.”

அதிகாரி நடுத்தெருவில் இறங்கினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து அவரை வழியனுப்பி வைத்தன. ஐம்பத்தேழு வயதில், இன் பண்ணிய சட்டையோடு, ஒரு கையால் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை எதிர்த்து அவர் ஓடினார். ஓட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒரு குழந்தை அவரை முந்திக்கொண்டு போயிற்று.

நுழைவாயிலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி இரும்புக் கேட்டின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மறுபாதியில் கை வைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு நீளமான நோட்டு. ஆண்டுச் சீட்டுக்காரர்கள் வந்தால் பெயரையும் தலை எண்ணிக்கையையும் அதில் எழுத வேண்டும்.

“சீட்டு இருக்கு. இன்னிக்குக் கடைசி நாள்,” என்று மூச்சு வாங்கினார் அதிகாரி.

சீட்டுக்குரியவர் நேரில் வர வேண்டும் என்ற விதி அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பூங்காவுக்கு வருகிறவர்களில் பொடி எழுத்தைப் படிக்கிறவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி நீட்டினார்.

அவள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. புகைப்படத்தைத்தான் பார்த்தாள்.

“இது அக்காவோட சீட்டாச்சே. எங்க சார் அக்கா? நாலு மாசமா ஆளையே காணோம்.”

“நான் அவங்க வீட்டுக்காரர்,” என்றார். அடுத்ததைச் சொல்ல இன்னொரு மூச்சு தேவைப்பட்டது. “அவ தவறிட்டா. நாலு மாசம் ஆச்சு.”

அந்தப் பெண்மணி கேட்டிலிருந்து கையை எடுத்தாள். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரை, புழுதி படிந்த செருப்பிலிருந்து வியர்த்த நெற்றி வரை, மெதுவாகப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, அவர் மனைவியின் பெயரை எழுதினாள். எழுத்துக்கூட்டாமல், யாரையும் கேட்காமல் எழுதினாள்.

“எத்தனை பேர் சார்?”

“ரெண்டு பேர். இன்னொருத்தர் பின்னாடி வர்றார். வண்டி நிறுத்த இடம் தேடிட்டிருக்கார்.”

பேனா நின்றது.

“அக்காவும் ஏழு வருஷமா, வாராவாரம், உங்களப் பத்தி இதையேதான் சார் சொன்னாங்க,” என்றாள் அவள். “நானும் ரெண்டுன்னுதான் எழுதிட்டு வர்றேன்.”