தூசி பறக்காத கரும்பலகை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கப்புறம் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்று முணுமுணுப்பவர்கள் ஒருமுறை எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும். அங்கே நிற்கும் நல்வரவுப் பலகையை உருவாக்கிய குழுவின் செயலாளர் அடியேன்தான். மற்றபடி இங்கே எனக்கு மேனேஜர் உத்தியோகம். அந்த வேலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

யோசனை தாளாளருடையது. எங்கோ ஒரு காப்பிக் கடை வாசலில், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், காரை விட்டு இறங்கும்போதே உருகிப்போயிருந்தார்.

"அதுல ஒரு உயிர் இருக்குய்யா மேனேஜர்! அந்த மாதிரி ஒண்ணு நம்ம வாசல்ல நிக்கணும்."

"நிறுத்திடலாம் சார். ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ்..."

"சாக்பீஸா? தூசிய்யா, தூசி!" என்று அலறினார்.

என் மடமையை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. போன வருடம்தான் நாங்கள் 'முழு டிஜிட்டல்' ஆனோம். வகுப்புக்கு ஒரு தொடுதிரை வந்தது. கரும்பலகைகளைப் பெயர்த்தெடுத்துப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டோம். சாக்பீஸ் 'தடை செய்யப்பட்ட பொருள்' என்று நானே சுற்றறிக்கை விட்டேன். ஆகவே, கரும்பலகை போலத் தெரிகிற ஒரு தாளில், சாக்பீஸ் போலத் தெரிகிற எழுத்தைக் கணினியில் செய்து, அச்சடித்து, மரப்பலகையில் ஒட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

மடிக்கணினியோடு ஒரு டிசைனர் வந்தார். 'நல்வரவு' என்பதை விதவிதமாக எழுதிக் காட்டினார்.

"ரொம்ப ஒழுங்கா இருக்கே. கையால எழுதின மாதிரி கொஞ்சம் கோணலா வேணும்" என்றார் தாளாளர்.

"எவ்வளவு கோணல் சார்?"

"மரியாதையான கோணல்."

மரியாதையான கோணல் எது என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் கதவைத் தட்டினார்.

"சார், எங்க கிளாஸ் ஸ்க்ரீன் செத்து மாசக்கணக்கா ஆச்சு. திங்கக்கிழமை பரீட்சை. வகுத்தல் ஒரு பிள்ளைக்கும் புரியல. ஒவ்வொரு நோட்டாப் போய் எழுதிக் காட்டி மாளல சார். எழுத ஒரு பலகை குடுங்க, எதுவா இருந்தாலும் சரி."

"கம்பெனிக்கு எழுதியிருக்கோம் டீச்சர். இப்போ எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"காத்துல எழுதறேன்."

மிகையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மதியம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், நிஜமாகவே விரலால் காற்றில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க மேல ஒரு மூணு போட்டேனே, அது எங்க?"

"ஃபேன் காத்துல பறந்துடுச்சு டீச்சர்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசியில்லை, பலகையில்லை, மின்சாரச் செலவும் இல்லை. இதைவிட நவீனமான வகுப்பறை எந்த நாட்டில் இருக்கிறது? எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் டிசைனர் ஒரு புரட்சிகரமான கருத்தை முன்வைத்தார்.

"சார், ஓரத்துல அழிச்சும் அழியாத மாதிரி ஒரு பழைய கணக்கு வெச்சுடலாம். நிஜமாவே இங்க ஏதோ பாடம் நடந்த மாதிரி ஒரு எஃபெக்ட் வரும்."

"பிரமாதம்!" தாளாளர் மேசையைத் தட்டினார். "ஸ்கூல்னா அப்படி ஒரு எஃபெக்ட் இருக்கணுமில்ல! கூப்பிடுங்க கணக்கு டீச்சரை. கணக்கு அழிஞ்ச மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லட்டும்."

டீச்சர் வந்தார், மடிக்கணினியைப் பார்த்தார்.

"நல்லா அழிஞ்சிருக்கு சார். இதை ஒட்டப்போற பலகையையாவது எங்க கிளாசுக்குக் குடுத்தீங்கன்னா..."

"ஐயய்ய, இது பாக்கறதுக்கு டீச்சர். எழுதறதுக்கு இல்ல."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே போனார். 'கணக்கு ஆசிரியை மனமார வாழ்த்தினார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் துணியை விலக்கி, எழுத்தின்மேல் விரலைத் தேய்த்து, விரலை உயர்த்திக் காட்டினார்.

"தூசியே இல்ல!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பெற்றோர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டிசைனருக்குச் சால்வை போர்த்தினோம்.

மறுநாள் காலை வாசலில் பலகை இல்லை.

"திருட்டு! பட்டப்பகல் திருட்டு!" என்று தாளாளர் குதித்தார். குழு முழுவதும் வராந்தா வராந்தாவாக ஓடினோம். ஐந்தாம் வகுப்புக் கதவைத் திறந்தால் உள்ளே வெண்புகை மண்டலம். நல்வரவு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பலகை செய்த தச்சர், ஈரம் ஏறாமலிருக்க அதன் முதுகுப் பக்கம் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார். அதன்மேல் டீச்சர் அசல் சாக்பீஸால் பெரிய வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். கைப்பையில் கடத்தி வந்திருக்கிறார்!

"அட, பக்கத்து நம்பர் இப்படித்தான் கீழ இறங்குதா!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள். "டீச்சர், அடுத்தது நான் போடறேன்!"

"டீச்சர், நல்வரவு எங்க?" என்றார் தாளாளர்.

"சுவத்தை வரவேத்துக்கிட்டு இருக்கு சார். பரீட்சை முடிஞ்சதும் கொண்டுவந்து வெச்சுடறேன். கொஞ்சம் கதவைச் சாத்துங்க, பிள்ளைங்களுக்குக் கவனம் சிதறுது."

சாத்திவிட்டோம். வேறென்ன செய்வது?

விசாரணை அறிக்கையை நானே எழுதினேன். பள்ளிச் சொத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்ததையும், தடை செய்யப்பட்ட பொருளைப் புழங்கியதையும் பெருந்தன்மையோடு மன்னிக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறேன். மூன்றாவது குற்றத்துக்குத்தான் மன்னிப்பே கிடையாது. நிர்வாகத்தின் முன் அனுமதியில்லாமல், வகுப்பு நேரத்தில், வகுப்பறைக்குள்ளேயே வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். நாங்கள் முழு டிஜிட்டல் ஆன நாள்தொட்டு இந்தப் பள்ளியில் இப்படி ஓர் அசம்பாவிதம் நடந்ததே இல்லை.