வியாழக்கிழமைக் கவலைகள்

ஆறுதல் வாங்க அன்றைக்கும் ஒரு மாணவிகூட வரவில்லை.

ரூசே நகர நர்சிங் பள்ளியின் துணை முதல்வர் பென்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'மாணவியர் மனத்துணை மையம்' என்று பலகை மாட்டி, திறப்பு விழாவில் முக்கால் மணி நேரம் பேசியும் ஆயிற்று. கவலையோடு இருந்த ஒன்றிரண்டு பெண்களும் அந்தப் பேச்சைக் கேட்டபின் கவலையை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

முதல்வர் எட்டிப் பார்த்தார். ஆள் வராவிட்டால் இந்த அறையில் படுக்கை விரிப்புகளை அடுக்கலாம் என்றார்.

அடுத்த வாரம் கட்டாயம் வருவார்கள் என்றாள் பென்கா. இறந்துபோன கணவரின் ஆறாம் மாத நினைவுத்தாளை, ஊர் வழக்கப்படி படத்தோடு, அன்று காலைதான் பள்ளி வாசலில் ஒட்டியிருந்தாள். வியாழக்கிழமை மாலைக்கு இந்த அறையும் இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே எதிர் நாற்காலி காலியாகக் கிடக்கும்.

மறுவாரம் பாலாடைக்கட்டி வைத்துப் பானித்சா என்ற பலகாரம் சுட்டு எடுத்து வந்தாள். வாசல் காவலர் மெத்தோதி ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அவர் பின்னாலேயே ரலித்சா என்ற முதலாண்டுப் பெண் வந்து, அம்மா நினைப்பாகவே இருக்கிறது என்று அழுதாள்.

பென்கா சும்மா இருப்பாளா? அம்மாவுக்கே போன் போட்டுவிட்டாள். அந்த அம்மாள் மறுநாளே ஊறுகாய் ஜாடிகளோடு வந்திறங்கி, விடுதியில் மகளின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். மகள் ஒரு வாரம் தரையில் படுத்தாள்.

அடுத்து வந்த வியாரா, வார்டில் தலைமை நர்ஸ் திட்டுவதாக விசும்பினாள். பென்கா போய்த் தலைமை நர்ஸை ஒரு பிடி பிடித்தாள். விளைவு, வகுப்பு மொத்தமும் பெட்பேன் கழுவியது.

நெவேனாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், தூக்கத்தின் அவசியத்தை விளக்கினாள் பென்கா. காலையில் கேட்டாள்:

"தூக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர். நீங்க பேசி முடிக்கட்டும்னு அதுவும் காத்துக்கிட்டு இருந்துச்சு."

இவ்வளவு பட்டும் பெண்கள் வருவது நிற்கவில்லை. வாரம் ஒருத்தி, புதிதாக ஒரு கவலையோடு. ஒரே நாளில் இருவர் வந்ததும் இல்லை, ஒருவரும் வராமல் போனதும் இல்லை. எல்லாம் தன் அணுகுமுறையின் வெற்றி என்று முதல்வரிடம் மார்தட்டினாள் பென்கா. விரிப்புகள் வேறு இடம் போயின.

பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை, யாரையும் காணோம். பானித்சா ஆறிப்போயிற்று. கடைசியில் மெத்தோதி உள்ளே வந்தார். தட்டைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழுகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன மெத்தோதி, இங்க உட்கார்ந்துட்டீங்க? பொண்ணுங்க யாராவது வர்ற நேரம்."

"இன்னிக்கு உங்களைத் தனியா விடாம பாத்துக்கிற டியூட்டி தெயோதோராவுக்கு, டீச்சர். அவளுக்குக் காய்ச்சல், மாத்திவிடவும் ஆள் கிடைக்கலியாம். எனக்கு அழுகை அவ்வளவா வராது, முட்டுவலின்னு ஆரம்பிக்கட்டுமா?"