கேள்வி கேட்காத சி.டி.

ஐயம்பேட்டை,
12-7-2006

மாகறல் மாப்பிள்ளை குமாரசாமி அவர்களுக்கு, உங்கள் மச்சான் பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தங்கை ஜெயம்மாளின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் பாதியில் கீழே இறங்கிவிடுகிறது. கை பழகினால் நிமிரும் என்று எங்கள் முதியோர் வகுப்பு வாத்தியாரம்மா லில்லி சொல்கிறார். அறுபத்தெட்டு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது. நேற்றுக் காலையில் தொடங்கினேன். ஒரு விஷயத்தை வேறு யாருக்கும் தெரியாமல் எழுத முடிவது எவ்வளவு சுகம்! விஷயமும் அப்படிப்பட்டதுதான்.

அடுத்த வீட்டு மயில்வாகனத்தை உங்களுக்குத் தெரியும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறவன். அவன் மகள் அபிநயா கம்ப்யூட்டர் படித்தவள், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கே வேலைக்கு இருக்கிறாள். அங்கே புதிதாகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் வந்தன. புதிது என்றால் வெறும் பெட்டிதானாம், அதை நடத்துகிற சிஸ்டத்தை உள்ளே ஏற்ற வேண்டுமாம், ஏற்றும்போது எந்த நாடு, எந்த மொழி, மணி என்ன, பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம், ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமாம். இந்தப் பெண் எல்லாப் பதிலையும் முன்கூட்டியே எழுதி, சிஸ்டத்தோடு சேர்த்து ஒரு சி.டி.யில் அடைத்துவிட்டாள். போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஒரே காலையில் பன்னிரண்டும் எழுந்துகொண்டன. திரையில் பெரிய தமிழ் எழுத்தில், ‘மயில்வாகனம் மகள் அபிநயா அமைத்தது’. ஒன்றிலாவது வேறு பெயர் இருக்காதா என்று பன்னிரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

மயில்வாகனம் சும்மா இருந்தானா? “இன்னாபா பரசுராமா, அல்லாத்தையும் படிச்சிட்டியா? இன்னொரு தபா வேணும்னாலும் படி, கரண்ட்டு இருக்குது” என்றான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணிடமே போனேன். “ஏம்மா, அதுல என் பேரு வருமா?”

“அதுக்கின்னா பெரியப்பா, போட்டுத் தர்றேன்” என்றவள் மறுநாளே கொடுத்தாள். “புது மிஷின்ல மட்டும் போடுங்க. இது யாரையும் ஒண்ணும் கேக்காது, அது பாட்டுக்கு வேலையப் பாத்துக்கினு போவும்.”

கேட்காவிட்டால் போகட்டும், என் வீட்டில் மட்டும் என்னை யார் கேட்கிறார்கள்? ஆனால் புது மிஷினுக்கு எங்கே போவேன்? மகன் ஆனந்தராஜ் பட்டு வாங்கப் போயிருந்த நேரம், அவன் புடவை டிசைன் போடும் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டுவிட்டேன். தறியில் நீள இழையான பாவு தீர்ந்தால் என்ன செய்கிறோம்? பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து இழுக்கிறோம். இழை கோத்த அச்சும் விழுதும் இருந்த இடத்தில் இருக்கும், டிசைன் அசையாது. ஐம்பது வருஷம் பிணைத்த கை இது. சி.டி.யும் அப்படித்தான் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை, அது பிணைக்கவில்லை. உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தன்னை ஏற்றிக்கொண்டது. மூன்று வருஷத்து பார்டர், முந்தானை எல்லாம் போயிற்று. அப்போது அது எனக்குத் தெரியாது. திரை முழுக்க ‘பரசுராமன்’ என்று வந்தது. நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் இவ்வளவு அழகு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனந்தராஜ் வந்தான். “இன்னா நைனா, உன் பேரு வந்துக்கினு இருக்குது? யாரு இதுல கை வச்சது?”

இங்கேதான் நான் கெட்டுப்போனேன். “அபிநயாப் பொண்ணு வந்துச்சுபா. இன்னாமோ போட்டுக்கினு இருந்துச்சு” என்றேன்.

அவன் நேரே போய் அவர்கள் வாசலில் நின்றான். “படிச்ச திமிரா? கேக்காம கொள்ளாம ஊட்டுக்குள்ள பூந்து மிஷின்ல கை வப்பியா?” மயில்வாகனம் தலை குனிந்தான். பொய் எழுத மாட்டேன், எனக்கு இனித்தது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதோடு இனிப்பு போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவளை இனி எந்த மிஷினையும் தொட விடாதீர்கள் என்று ஆனந்தராஜ் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் சொல்லப்போகிறானாம். செய்யாத தப்புக்கு அவள் வேலை போய்விடும். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்து, கரண்ட்டு ஏறி இறங்கினால் டிசைன் அழியும், மாகறலிலும் ஒரு வீட்டில் அப்படி ஆயிற்று என்று அவனிடம் சொல்ல வேண்டும். மாமா சொன்னால் நம்புவான். என் பெயர் மட்டும் எங்கும் வரக்கூடாது. படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

தங்கைக்கும் உங்கள் மகள் ப்ரியங்காவுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் குறையொன்றும் வராமல் வரதராஜப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள,
பரசுராமன்

பின்குறிப்பு: பழக்க தோஷம், மாப்பிள்ளை. இத்தனை வருஷம் என் கடிதங்களை எழுதியவன் ஆனந்தராஜ்தானே? உறைமேல் முகவரி எழுத அவனிடமே இதைக் கொடுத்துவிட்டேன். முழுவதும் படித்துவிட்டான். “நட நைனா” என்று மட்டும் சொன்னான். இருவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். அபிநயா, “எனக்கு அன்னிக்கே தெரியும் பெரியப்பா. உங்க பேரு போட்ட சி.டி. வேற யாருகிட்ட இருக்குது? சொல்லியிருந்தா எங்கப்பா உங்கள ஊர்ல நடமாட வுட்டிருப்பாரா?” என்று சிரித்தாள். இப்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து, போன டிசைனில் பாதியையாவது மீட்கப் பார்க்கிறாள். ஆகையால் கரண்ட்டுக் கதை வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். இப்படி ஒரு பெண் போயும் போயும் அந்த மயில்வாகனத்துக்கா பிறக்க வேண்டும்? அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமும் எழுதுகிறேன். முகவரியையும் நானே எழுதுவேன்.