பன்னிரண்டு மணிக் கஞ்சி

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் அப்துல் ஹமீது ஒரு போர்வீரர் என்ற விவரம், அவருக்கு எண்பத்து மூன்று வயது நடக்கும்போது அரசின் 'மூத்தோர் பெருமை போற்றும் பிரிவு'க்குத் தெரியவந்தது. அறுபதுகளில் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் பதினோரு மாதம் ஜொகூர் காட்டில் துப்பாக்கியோடு கிடந்தவர் அவர். அதைப் பற்றி யார் கேட்டாலும், "ஒரே கொசு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய உத்தியோகம் அவருக்கு வீட்டில் இருந்தது. மனைவி ருக்கையாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி. ஹமீது ஊட்டினால் வாயைத் திறப்பார்; பெற்ற மகனே ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. இதுவும் எப்படியோ பிரிவின் காதுக்கு எட்டி, 'குடும்பம் போற்றிய போர்வீரர்' விருது அவருக்கே என்று முடிவானது.

லக்ஷனா என்ற இளம் அதிகாரி டேப்லெட்டும் கையுமாக வீட்டுக்கே வந்தார்.

"கங்கிராட்ஸ் அங்கிள்! விழா இருபத்தி மூணாம் தேதி, சிராங்கூன் ரோட் பக்கத்துல மண்டபம். பகல் பன்னிரண்டு மணி. அதுக்கு முன்னால மூணு ரிகர்சல், அதுவும் பன்னிரண்டுதான்."

"பன்னிரண்டுக்கு நான் இவளுக்குக் கஞ்சி கொடுக்கணுமேம்மா."

"அதுக்குத்தானே அங்கிள் விருதே!"

"அப்ப நான் வந்துட்டா, கஞ்சி?"

லக்ஷனா டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார். "வராததுக்குக் காரணம்னு இதுல மூணுதான் இருக்கு. நோய், வெளிநாடு, மரணம். 'மற்றவை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அதையே தொடுறாங்கன்னு எடுத்துட்டாங்க."

"அப்ப இவளையும் கூட்டிட்டு வந்துடறேன். சக்கர நாற்காலியில வச்சு அங்கேயே ஊட்டிடறேன்."

"சக்கர நாற்காலிக்கு ஒரே ஒரு இடம்தான் அங்கிள், அது போர்வீரருக்கு. மேடையில உருக்கமா இருக்கும்னு டிசைன்லயே போட்டுட்டாங்க. நீங்க அதுல உட்காருங்க. ஆண்ட்டி நடந்து வரட்டும்."

ருக்கையா நடந்து நாலு வருஷமாகிறது என்று ஹமீது விளக்கினார். அப்படியென்றால் சிரமம்தான் என்று லக்ஷனா மிகுந்த அனுதாபத்தோடு ஒப்புக்கொண்டார்.

பிரிவு இதற்கெல்லாம் அசரவில்லை. ஒத்திகைக்கு மட்டும் ஹமீதுக்குப் பதிலாக என்று முகம்மது யூசுப் என்ற மேடை நடிகரை ஏற்பாடு செய்தது. நரைத்த மீசை, அகன்ற தோள், ஹமீதைவிட இருபது வயது இளையவர். மூன்று ஒத்திகையிலும் சரியான இடத்தில் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீருக்கு ஏற்றபடி விளக்கும் இசையும் பொருத்தியாகிவிட்டதால், கடைசி நேரத்தில் ஆளை மாற்றுவது நிகழ்ச்சியின் தரத்தைப் பாதிக்கும் என்று கருதப்பட்டது. எனவே விழாவுக்கும் அவரே.

மகன் முபாரக் பக்குவமாக எடுத்துச் சொன்னான். "அத்தா, நீங்க நிம்மதியா அம்மாவைப் பாருங்க. நாங்க எல்லாரும் போய் உங்களுக்கு சப்போர்ட் பண்றோம்லா."

"நான் இங்கதானேடா இருப்பேன்?"

"பேமிலி டேபிள் பத்து சீட் அத்தா. காலியா விட்டா அசிங்கம்."

விழாவில், 'ஒரு வேளைகூடத் தவறாமல் மனைவிக்கு ஊட்டும் கணவர்' என்று அறிவிப்பாளர் சொன்னதும் மண்டபமே மூக்கைச் சிந்தியது. முபாரக் மேடையேறி யூசுப்பைக் கட்டிப்பிடித்தான். பேத்தி அஃப்ரீன் சலாம் சொல்லிக் கையை முத்தமிட்டாள். அதைப் படமெடுத்துப் போட்டதற்குச் சாயங்காலத்துக்குள் நானூறு லைக். வீட்டில் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு ஹமீதும் ஒரு லைக் போட்டார். மீசை அவருக்குப் பிடித்திருந்தது.

மறுவாரம் அதே பிரிவின் முதியோர் நலக் கண்காணிப்புக் கிளையிலிருந்து கடிதம் வந்தது.

'தங்கள் மனைவிக்குத் தாங்கள் மட்டுமே உணவு ஊட்ட இயலும் என்பது விருதுக் குறிப்பால் உறுதியாகிறது. 23ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தாங்கள் மேடையில் இருந்தது புகைப்படத்தால் உறுதியாகிறது. ஆகவே அன்று தங்கள் மனைவி பட்டினி. தவறை ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளப்படும். மறுத்தால், அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது குறித்துப் பரிசீலிக்க நேரும்.'

ஹமீது கடிதத்தை இரண்டு முறை படித்தார். காட்டில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. முபாரக்குக்குப் போன் போட்டார்.

"நான் வீட்டிலதான் இருந்தேன்னு அவங்ககிட்ட சொல்லுடா."

"எப்படித்தா சொல்றது? ஆபீஸ்ல, பள்ளிவாசல்ல எல்லாரும் போட்டோவைப் பார்த்துட்டாங்க. இப்பப் போயி அது எங்க அத்தா இல்லைன்னா என்னை என்ன நினைப்பாங்க? ஒரு சாரி சொல்லிட்டு விடுங்கலா."

ஹமீது ருக்கையாவின் போர்வையைச் சரிசெய்தார். இல்லத்தில் யார் கரண்டியை நீட்டினாலும் இவள் வாயைத் திறக்கமாட்டாள். 'ஒரு நாள் என் மனைவியைப் பட்டினி போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதில் மூன்றே நாளில் வந்தது. மன்னிப்பு ஏற்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை: 'அன்பான கணவராக இருப்பது எப்படி' என்ற பயிற்சி வகுப்பில் அவர் சேர வேண்டும். பயிற்சி அளிப்பவர், இவ்வாண்டின் விருதாளர், போர்வீரர் திரு. அப்துல் ஹமீது.

கடிதத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார். முபாரக் அதில் கடைசி வரியை மட்டும் படித்திருப்பான் போலும். குடும்பக் குழுவில் உடனே செய்தி போட்டான்: 'அத்தா கிளாஸ் எடுக்கிறாங்க. எல்லாரும் கண்டிப்பா வந்துடுங்க.'